பார்கவி கேட்காமல் விட்ட கேள்வி

பார்கவி பரீட்சையில் ஒரு கிழவரைக் கொன்றுவிட்டாள் என்ற செய்தி வெளிநாட்டில் அவள் குடியிருக்கும் டூங்கபிக்கு வந்து சேர்ந்தபோது அவள் இன்னும் ரயிலில்தான் இருந்தாள். அவள் புருஷன் சஞ்சயிடம் போனில் அழுதாள். சஞ்சய் பின்பக்கம் நின்று பேசினான். வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுப் பேர்ள் அன்ரி துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு தெருவுக்குச் செய்தி பரவ இதற்கு மேல் என்ன வேண்டும்?

கிழவர் நிஜமாகச் சாகவில்லை. அவர் நடிகர். பல்கலைக்கழகம் கூலி கொடுத்து வைத்திருக்கும் நோயாளி. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருப்பார். பரீட்சை எழுதுபவர்கள் ஒவ்வொருவராக வந்து விசாரித்து மருந்து சொல்ல வேண்டும். பார்கவி அவசர சிகிச்சைப் பிரிவில் வருடக்கணக்காகக் குப்பை கொட்டிய நர்ஸ்தான். ஆனால் அங்கே கேட்பது டாக்டர், எழுதுவது டாக்டர், கொடுப்பதுதான் இவள். இப்போது அவள் படிப்பது நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு. தானே கேட்டு, தானே பார்த்து, தானே மருந்தெழுதும் உத்தியோகம். பக்கத்து ஊரான செவன் ஹில்ஸில் ஒரு கிளினிக் அவளுக்கு வேலையைக்கூடத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தது.

அந்த நடிகருக்கு வெள்ளை மீசை. பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமுவார். ஸ்ரீரங்கத்தில் இருக்கும் அவள் மாமனார் நரசிம்மனும் அப்படித்தான் செருமுவார். பார்கவி சர்க்கரையைக் கேட்டாள், ரத்த அழுத்தத்தைக் கேட்டாள், சிகரெட்டைக் கேட்டாள், அலர்ஜி கேட்டாள். அடுத்தது ஆண்மைக் குறைவுக்கு மாத்திரை எடுக்கிறாரா என்று கேட்க வேண்டும். அந்த மாத்திரையை விழுங்கியவருக்கு நாக்கின் கீழே நெஞ்சுவலி ஸ்ப்ரே அடித்தால் ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போகும். இதெல்லாம் அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பினாலும் தெரியும். கிழவர் செருமினார். மாமனாரிடம் போய் எப்படிக் கேட்பது? கேள்வியை விழுங்கிவிட்டு ஸ்ப்ரேயை எழுதினாள். அந்த மனிதர் தனக்குக் கொடுத்த வேடத்தின்படி மாத்திரை போட்டிருந்தார். கூலிக்கு வஞ்சகமில்லாமல் ஒரு பக்கமாகச் சரிந்தார்.

இன்னொரு தடவை எழுத அனுமதி தந்தார்கள். அதிலும் போனால் ஒரு வருஷப் படிப்பை முதலிலிருந்து படிக்க வேண்டும். செவன் ஹில்ஸ் கிளினிக் அதுவரை வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காது.

முதலில் சஞ்சயிடம் ஒத்திகை பார்த்தாள். புருஷனிடம் கேட்பதில் என்ன கூச்சம்? கடகடவென்று வந்தது.

"அப்பா மாதிரி யாராவது வேணும்," என்றான் சஞ்சய். ஐ.டி.க்காரன்; எதற்கும் ஒரு ஏற்பாடு வைத்திருப்பான். அப்பாவின் போட்டோவைப் பெரிதாக அச்செடுத்து, ஹாலில் இருந்த நிற்கும் ஃபேனின் முகத்தில் ஒட்டினான்.

பார்கவி அதன் முன்னால் நின்றாள். துப்பட்டாவை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"துப்பட்டாவ எதுக்குடி சரி பண்ற, அது ஃபேன்."

"நீ பேசாம இரு. மாமா... நீங்க வந்து... மாத்திரை ஏதாவது..."

சஞ்சய்க்குக் குறும்பு. சுவிட்சைத் தட்டினான். மாமனார் இடமும் வலமுமாகத் தலையாட்டி, இல்லை இல்லை என்றார். பார்கவி சோபாவில் விழுந்து சிரித்தாள்; சிரிப்பு முடிகிற இடத்தில் கொஞ்சம் அழுகையும் இருந்தது.

"பிள்ளை," என்றது ஜன்னல். பேர்ள் அன்ரி கருவேப்பிலை கேட்டு வந்தாராம். தெருவிலேயே பெரிய கருவேப்பிலை மரம் அவர் வீட்டில்தான் நிற்கிறது. "ஃபானோட என்ன கதை? உயிரோட ஒரு மனுசன் எங்கட வீட்டில சும்மா இருக்கிறார். வந்து கேட்டுப் பழகும். தமிழில கேட்டுப் பழகினா இங்கிலீஷில தண்ணி மாதிரி வரும்."

"ஆன்ட்டி, அங்கிள் ஒத்துக்குவாரா?"

"அவரைக் கேட்டுத்தானே எல்லாம் நடக்குது."

அப்படித்தான் மறுநாள் பின்னேரம் யோசேப் அங்கிள் தன் வீட்டு வரவேற்பறையிலேயே ஒரு கதிரையில் நோயாளியாக உட்கார வைக்கப்பட்டார். மன்னார்க்காரர், செவன் ஹில்ஸ் கிடங்கொன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். கல்யாணத்தன்று சம்மதம் சொன்னதோடு அவர் பங்கு முடிந்துவிட்டது என்றுதான் தெருவில் பேச்சு. நெஞ்சைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"மேல, மேல," என்றார் பக்கத்துக் கதிரையில் இருந்த பேர்ள் அன்ரி.

பார்கவி ஆரம்பித்தாள். வலி எப்போது வந்தது, கைக்குப் பரவுகிறதா, வேர்க்கிறதா. பாதிக் கேள்விக்குப் பேர்ள் அன்ரியே பதில் சொன்னார். பிறகு அந்த இடம் வந்தது.

"அங்கிள், வேற ஏதாவது மாத்திரை எடுக்கிறீங்களா? அதாவது... தனிப்பட்ட முறையில?"

"தனிப்பட்ட முறையிலயோ? இல்லை. எல்லாம் ஃபார்மசியிலதான் வாங்கிறது."

"அது இல்ல அங்கிள். குடும்ப வாழ்க்கைக்கு..."

"மீன் எண்ணெய். குடும்பமா எல்லாரும் போடுறம்."

பார்கவிக்குக் காது மடல் சுட்டது. பேர்ள் அன்ரிக்குப் பொறுமை போய்விட்டது. "இஞ்சாருங்கோ, வெக்கத்தை விட்டிட்டுச் சொல்லுங்கோ, ஆம்பிளையளுக்கு விக்கிற அந்தக் குளிசை போடுறனீங்களோ?"

"இல்லை," என்றார் யோசேப் அங்கிள்.

அவ்வளவு நேரம் ஒவ்வொரு கேள்விக்கும் மோவாயைத் தடவி யோசித்தவர், இதற்கு மட்டும் கேள்வி முடிவதற்குள் பதில் சொன்னார். சொல்லும்போது கை சட்டைப் பைக்குப் போய் வந்தது. பைக்குள்ளிருந்து சிவப்பு மூடி போட்ட ஒரு சின்னக் குப்பி எட்டிப் பார்த்தது. பார்கவி தினமும் கையாளும் குப்பி. அவருக்கு நிஜமாகவே நெஞ்சுவலி ஸ்ப்ரே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

காது மடலின் சூடு எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த அறையில் அதுவரை ஒரு மருமகள் உட்கார்ந்திருந்தாள். இப்போது நர்ஸ் உட்கார்ந்திருந்தாள்.

"ஆன்ட்டி, நீங்க கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?"

"என்ர வீட்டிலயோ?"

"பரீட்சைல அப்படித்தான் ஆன்ட்டி."

பேர்ள் அன்ரி எழுந்தார். குசினிக்குப் போனார். அங்கே ஓடிக்கொண்டிருந்த புகைபோக்கி விசிறி நின்றது. ரேடியோ நின்றது. குழாய்கூடச் சொட்டாமல் நின்றது. பார்கவி போய் இடைக்கதவைச் சாத்தினாள். குசினிப் பக்கமிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது.

கதிரையை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அங்கிள், நெஞ்சுவலிக்கு மருந்து கொடுக்கிறதுக்கு முன்னாடி எல்லாரையும் கேக்கற கேள்வி இது. ஆண்மைக் குறைவுக்கு மாத்திரை ஏதாவது எடுக்கிறீங்களா? கடைசியா எப்ப எடுத்தீங்க?"

இட்டிலிக்கு மாவு இருக்கிறதா என்று கேட்பதுபோல் வந்தது அது.

யோசேப் அங்கிள் கதவைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "இது சோதினைக்கோ பிள்ளை, உண்மைக்கோ?"

"ரெண்டுக்கும் அங்கிள்."

அதற்கு அவர் சொன்ன பதில் இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. எவ்வளவோ முயன்று பார்த்தாயிற்று. தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: அந்த இரண்டு மருந்தும் ஓர் உடம்புக்குள் சந்தித்தால் என்ன ஆகும் என்று பார்கவி அவருக்குப் பொறுமையாகச் சொன்னாள், அவர் குடும்ப டாக்டர் இதே கேள்வியைப் போன வருஷமே கேட்டிருந்தார், ஆனால் அப்போது பக்கத்தில் பேர்ள் அன்ரி இருந்தார், அந்த வாரமே அங்கிள் பேர்ள் அன்ரியைக் கூட்டிப்போகாமல் தனியாக டாக்டரிடம் போய் வந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் தனியாகப் போன இடம் அது ஒன்றுதான்.

பார்கவி அன்று வேலியைத் தாண்டி வீட்டுக்குள் வரும்போதே பாடிக்கொண்டு வந்தாள். சஞ்சய் ஃபேனிலிருந்து அப்பாவைப் பிய்த்தெடுத்தான்.

மறு பரீட்சையன்று வெள்ளை மீசைக்குத் தயாராகப் போனாள். கதவைத் திறந்தால் உள்ளே ஒரு பாட்டியம்மாள். தலை பஞ்சுபோல் வெளுத்து, மடியில் கைப்பையோடு, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் புறப்பட்டவர்போல் உட்கார்ந்திருந்தார். சிறுநீர் போகும்போது எரிச்சல். பக்கத்தில் மகளாக நடிக்கும் ஒருத்தி. அம்மாவிடம் கேட்டதற்கெல்லாம் இவள் பதில் சொன்னாள். பரீட்சகர்கள் இருவரும் மூலையில் பேனாவோடு இருந்தார்கள்.

மாமனாருக்காகப் பழகி வந்தவளுக்கு எதிரே மாமியார் வயதில் ஒருத்தி. பார்கவியின் கை துப்பட்டாவைத் தேடிப் போனது. கோட் போட்டிருந்ததால் அகப்படவில்லை. நல்லதாகப் போயிற்று.

மகளிடம் இங்கிலீஷில் மரியாதையாகச் சொன்னாள்: "அம்மாகிட்ட தனியா கொஞ்சம் பேசணும். வெளிய இருக்கீங்களா?" ஒரு பேனா எதையோ எழுதியது. மகள் முணுமுணுத்தபடி போனாள். பார்கவி நாற்காலியை அருகே இழுத்துக்கொண்டாள்.

"இந்த எரிச்சல் இருக்கிற எல்லாரையும் கேக்கறதுதான். இப்ப யார்கூடயாவது உடலுறவு இருக்கா?"

பாட்டியம்மாள் கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடினார். பார்கவி அவசரப்படவில்லை. இன்னொரு கேள்வியால் அந்த மௌனத்தை அடைக்கவுமில்லை.

"மூன்று மாதமாக," என்றார் பாட்டியம்மாள். "பெயர் கெவின். பந்து உருட்டும் கிளப்பில் பழக்கம். மகளுக்குத் தெரியாது."

"சரி. சொன்னதுக்கு நன்றி. பாதுகாப்பு ஏதாவது பயன்படுத்துறீங்களா?"

"இந்த வயதில் எதற்கு என்றார் கெவின்."

"கெவின் சொல்றது தப்பு," என்றாள் பார்கவி. நடிப்பதற்குக் கூலி வாங்கும் அந்த அம்மாள் நடிப்பை மறந்து சிரித்துவிட்டார். மூலையில் ஒரு பரீட்சகரும் பேனாவால் வாயை மறைத்துக்கொண்டார். என்னென்ன சோதனை, எந்த மருந்து, கெவினை எப்போது கூட்டிவர வேண்டும் என்று மீதியெல்லாம் அவள் சொல்லி முடித்தபோது மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது.

பாஸ். சஞ்சய் அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னான். நரசிம்மன் செருமினார். "ரொம்ப சந்தோஷம். முதல் தடவை எதுல போச்சு?"

"உங்களாலதான்பா," என்றான் சஞ்சய். பார்கவி போனைப் பிடுங்கி, "ஒரு மருந்துல குழப்பம் மாமா," என்று சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்தாள். எல்லாவற்றையும் எல்லாரிடமும் சொல்ல வேண்டிய அவசியமில்லைதானே.

பேர்ள் அன்ரிக்குத்தான் பொறுக்கவில்லை. பார்கவியின் வெற்றிக்கு ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்தார், கூடவே மெதுவாகக் கேட்டார். பார்கவி ரோல்ஸைச் சாப்பிட்டாள், சிரித்தாள், இன்னொன்றை எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு சர்ச்சில் பூசை முடிந்து நிற்கும் கூட்டத்தில், தமிழ்க் கடை வரிசையில், போகும் இடமெல்லாம் அன்ரிக்கு இதே புலம்பல்தான்: "வாயே திறக்கிறாள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி எண்ட மரியாதை வேண்டாமோ? என்ர மனுசன் என்ன சொன்னவர் எண்டு என்னட்டயே சொல்லுறாள் இல்லை. கல்லு."

கேட்ட அன்ரிமார் உச்சுக் கொட்டினார்கள். பக்கத்தில் அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு நின்ற அங்கிள்மார் அதைத் தோள் மாற்றிக்கொண்டார்கள். ஆனால் அவர்களுக்கும் காது இருந்தது.

பார்கவி செவன் ஹில்ஸ் கிளினிக்கில் சேர்ந்த வாரத்தில் வரவேற்பில் இருந்த வெள்ளைக்காரப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. ஈஸ்வரமூர்த்தி அங்கிள் காது அடைப்பு என்று வந்தார். அவருக்குப் பின்னால் முதுகு வலி, அவருக்குப் பின்னால் சும்மா ஒரு செக்கப். எல்லாருக்கும் பார்கவிதான் வேண்டுமாம். எல்லாரும் மனைவிமாரைக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். கார் நிறுத்துமிடத்தில் கண்ணாடிகளை இறக்கிவிட்டு அன்ரிமார் உட்கார்ந்திருந்தார்கள். ஈஸ்வரமூர்த்தியின் மனைவி சந்திரகலா, "காதுக்கு இவ்வளவு நேரமா?" என்று அடுத்த காரைப் பார்த்துக் கேட்டார்.

வெள்ளிக்கிழமை பேர்ள் அன்ரியும் யோசேப் அங்கிளும் வந்தார்கள். அங்கிள் பழக்கதோஷத்தில் காரை விட்டு இறங்கினார்.

"நீங்கள் எங்க வாறியள்?" என்றார் பேர்ள் அன்ரி. "அப்பொயின்மென்ட் எனக்கு."

"உமக்கு உடம்பில என்ன வருத்தம்?"

"அது எனக்கும் பிள்ளைக்கும். நீங்கள் இருங்கோ."

நல்ல சேலை கட்டி, பவுடர் பூசி, நிமிர்ந்து நடந்து உள்ளே போனார். பார்கவி வாசல் வரை வந்து கூட்டிக்கொண்டு போனாள். கதவு சாத்திக்கொண்டது.

யோசேப் அங்கிள் காருக்குள் திரும்பி உட்கார்ந்து கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டார். இரண்டு கார் தள்ளி, அன்றும் புருஷனுக்காகக் காத்திருந்த சந்திரகலா அதற்குள் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டத் தொடங்கியிருந்தார்.