சத்தம் போடாம நில்லுங்க

தருண் மூன்றாவது தடவையும் எலியின் மேல்தான் விரலை வைத்தான்.

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அவனைச் சோதித்துக்கொண்டிருந்த தன்மயி, கையிலிருந்த காகிதத்தில் சின்னதாக எதையோ குறித்துக்கொண்டாள். இப்படிக் குறித்துக்கொள்வதுதான் தருணின் அம்மா நிர்மலாவுக்கு ஆகவே ஆகாது. பத்து நிமிடமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு மேசையில், இதே மாதிரி ஒரு பேனாதான் என்னத்தையோ எழுதி, பையனுக்கு ஆட்டிசம் என்று ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்தது. அன்றிலிருந்து சொந்த ஊரான ஹனூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனால்கூட யாரும் பையனின் பெயரைச் சொல்லி விசாரிப்பதில்லை, "இப்ப எப்படி இருக்குது?" என்றுதான் கேட்கிறார்கள். இது போதாதென்று பள்ளிக்கூடத்து மிஸ்ஸுக்கு இன்னொரு காகிதம் வேண்டுமாம். கண் டாக்டர் பார்த்துவிட்டு, கண்ணில் ஒரு கோளாறும் இல்லை, ஆனால் பார்த்ததை மூளை எப்படிப் பிரித்துக்கொள்கிறது என்று சோதிக்க வேண்டும் என்று மைசூர் மண்டி மொஹல்லாவில் இந்த மாடி மையத்துக்கு அனுப்பியிருந்தார். கண் நன்றாக இருக்கிறதென்றால் அப்புறம் எதைத் தேடுகிறார்கள்? தேடிக்கொண்டே இருந்தால் ஏதாவது கிடைக்கத்தான் செய்யும். அதையும் எழுதுவார்கள். அதைக் காட்டி வருகிற வருடம் சீட் இல்லை என்று பள்ளிக்கூடம் கையை விரிக்கும். அவளுக்குத் தெரியாதா இந்த வேலையெல்லாம்?

"நாயி எல்லி, தருண்? நாயி எல்லி?" தன்மயி அடுத்த தாளைத் தட்டிக் காட்டினாள்.

பூனை, நாய், எலி, மாடு. தாளுக்குத் தாள் அதே நாலு பிராணிகள்தான், இடம் மட்டும் மாறியிருந்தது. பையன் யோசிக்கவேயில்லை. பொறுப்பாக எலியைத் தொட்டுவிட்டு, சரியாகச் செய்துவிட்ட சந்தோஷத்தில் இரண்டு கையையும் உதறினான்.

அப்போதுதான் நிர்மலாவுக்குச் சுரீரென்றது. அவளுக்குக் கன்னடம் தெரியும், எல்லி என்றால் எங்கே என்று தானாகவே புரிந்துவிடும், அதனாலேயே இவ்வளவு நேரம் உறைக்கவில்லை. மைசூருக்கு வந்து எட்டே மாதமான பையனுக்கு எப்படித் தெரியும்?

"செத்த நிறுத்துங்க மேடம். நீங்க எல்லி, எல்லிங்கறீங்க. அவன் எலியக் காட்டறானுங்க. எங்கூட்ல பேசறது தமிழு. எங்கேன்னு கேட்டாத்தான் அவனுக்கு வெளங்கும்."

தன்மயி தாளைப் பார்த்தாள், பையனைப் பார்த்தாள். "எங்க வீட்லயும் தமிழ்தாங்க. வேலைன்னு உக்காந்தா வாயில கன்னடமே வந்துடுது. என் தப்பு. முதல்லேர்ந்து பண்ணலாம், நீங்களே கேளுங்க." எழுதியதையெல்லாம் குறுக்கே அடித்துவிட்டுப் புதுக் காகிதம் எடுத்தாள்.

சண்டைக்குத் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தவளுக்கு இது சப்பென்று ஆகிவிட்டது. இவ்வளவு சுலபமாகத் தப்பை ஒத்துக்கொள்கிறவளை எப்படி நம்புவது? இருந்தாலும் கேட்டாள். பூனை எங்கே, நாய் எங்கே, மாடு எங்கே, எலி எங்கே. நாலுக்கு நாலு. நிர்மலாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஹெப்பாள் ஃபேக்டரியில் ஷிஃப்டில் இருக்கும் புருஷன் கணேஷ்குமாருக்கு இப்போதே போன் போட வேண்டும்போல் இருந்தது.

பிறகு தன்மயி வேறொரு படத்தை வைத்தாள். சந்தைக்கடை. கூடை, குடை, சைக்கிள், வாழைத்தார், ஆட்கள், ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு முப்பது நாற்பது சாமான்கள். நட்டநடுவில் ஒரு நாய். "இதுல நாயைக் கேளுங்க."

"நாய் எங்க, கண்ணு?"

தருண் ஜன்னலைப் பார்த்தான். நிர்மலா அவன் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு உள்ளங்கையால் தாளைத் தடவினான்.

"பசிங்க அவனுக்கு. காலைல சரியாவே திங்கல."

"பரவாயில்ல. கூட்டத்துல நின்னா உங்களக் கண்டுபிடிச்சு வருவானா?"

"பெத்தவளத் தெரியாதுங்களா?" என்று வெடுக்கென்று சொன்னாள்.

சொல்லிவிட்டாளே தவிர, அது முழு உண்மை இல்லை என்று அவளுக்கே தெரியும். போன மாதம் பள்ளிக்கூட வாசலில் மணி அடித்ததும் ஓடி வந்தவன், அவளைத் தாண்டிப் போய்ப் பச்சைச் சுடிதார் போட்ட யாரோ ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டான். காலையில் அவனைக் கொண்டுவந்து விட்டபோது இவளும் பச்சைதான் கட்டியிருந்தாள், மத்தியானம் மாற்றிவிட்டாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே "நிம்ம மகனா?" என்று கேட்டது பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு அவன் முதுகில் இரண்டு வைத்தாள். இதைக் கணேஷ்குமாரிடம்கூடச் சொல்லவில்லை.

அடுத்த சோதனைக்காகத் தருணை உள்ளே உட்கார வைத்துவிட்டு, வராந்தாவில் காத்திருந்த மூன்று தாய்மார்களோடு அவளையும் நிற்க வைத்தாள் தன்மயி. நாலு பேருக்கும் ஒரே மாதிரி வெள்ளைக் கோட்டு, தலைக்கு ஒரே மாதிரி தொப்பி. அடையாளத்தையெல்லாம் மூடிவிட்டு அடையாளம் கண்டுபிடி என்றால் இது என்ன நியாயம்?

"சத்தம் போடாம நில்லுங்க. கையும் நீட்ட வேணாம்," என்றாள் தன்மயி. "வரலைன்னா பாசம் இல்லைன்னு அர்த்தம் இல்லீங்க. முகம் பிடிபடலைன்னு தெரிஞ்சா, பக்கத்துல வர்றவங்க பேரச் சொல்லிட்டு வரணும்னு ஸ்கூலுக்கு எழுதலாம். தாளுக்கு ஒரு படம் போதும்னு எழுதலாம். தெரியாமப் போனாத்தான் அவனுக்குக் கஷ்டம்."

கதவு திறந்தது. தருண் வந்து நின்றான். முதல் அம்மாவைப் பார்த்தான், அடுத்தவளைப் பார்த்தான். மூன்றாவதாக நின்ற நிர்மலாவின் மேல் அவன் பார்வை விழுந்தது. சுவரைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு நாலாவது ஆளிடம் போய்விட்டது. திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தான். உதடு பிதுங்கியது. நுனிக்காலில் எம்பிக்கொண்டு முதல் அம்மாவை நோக்கி ஒரு எட்டு வைத்தான்.

நிர்மலா தொண்டையைச் செருமினாள். தெரிந்தேதான் செருமினாள், மெல்ல, வாயைத் திறக்காமல்.

பையன் சட்டென்று திரும்பி ஓடிவந்து அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டான். அவள் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். பக்கத்தில் நின்ற பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வந்துட்டானே," என்றாள் கதவோரம் நின்ற தன்மயி. கீழே தெருவில் ஆட்டோக்கள் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. "நீங்க சத்தம் ஏதும் குடுக்கலியே?"

"இல்லீங்க."

காலையிலிருந்து இவர்கள் எங்கே ஏமாற்றப்போகிறார்கள் என்று காவல் காத்தவள் அவள். அந்தச் சொல் எந்தத் தடங்கலும் இல்லாமல் வாயிலிருந்து வந்துவிட்டது. தன்மயி தலையை ஆட்டிவிட்டுக் காகிதத்தில் பேனாவை வைத்தாள்.

தருண் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கோட்டின் கழுத்தை விலக்கினான். இரண்டு விரலை அவள் தொண்டைக்குழியில் வைத்துத் தட்டினான். செருமல் வரவில்லை. மறுபடியும் தட்டினான். பிறகு காதை அங்கே ஒட்டவைத்துக்கொண்டு காத்திருந்தான். அதையே பார்த்துக்கொண்டிருந்த தன்மயியின் பேனா எழுதாமல் நின்றிருந்தது.