சுவரின் இரு பக்கம்

காலையிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ளவில்லை. ஏசி மாட்டுகிற வேலையில் இது லேசுப்பட்ட காரியமா? ஒருத்தர் உள்ளே, ஒருத்தர் வெளியே, நடுவில் சுவரில் ஓர் ஓட்டை. 'தள்ளு', 'இழு', 'போதும்' என்று வாய் ஓயாமல் சொன்னால்தான் செம்புக் குழாய் மடங்காமல் வந்து சேரும். இவர்களோ குழாயைத் தட்டித் தட்டியே சமாளித்தார்கள். ஒரு தட்டு என்றால் இழு, இரண்டு தட்டு என்றால் நிறுத்து. நல்ல கூத்துதான் போங்கள்!

அவனுக்கு இது சின்ன மனஸ்தாபம். அவளுக்கோ நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது. அவளும் முறையாகப் படித்துத் தேறிய மெக்கானிக். கல்யாணமானதிலிருந்து அவனுக்குச் சமமாக ஏணியில் ஏறுகிறாள். ஆனால் போகிற வீட்டிலெல்லாம் அவன் சொல்வது ஒன்றேதான்: "இவங்க உதவிக்கு வந்திருக்காங்க." நேற்றும் அதேதான். இன்று காலை டம்ளரை நங்கென்று வைத்துவிட்டுச் சொல்லிவிட்டாள்.

"இந்த வேலையோட சரி. நாளையிலேருந்து நான் கம்பெனிக்குப் போறேன். அங்க மெக்கானிக்கை மெக்கானிக்னுதான் சொல்வாங்க."

போக மனசே இல்லை. அவனோடு சேர்ந்து வேலை செய்கிற சந்தோஷம் எந்தக் கம்பெனியில் கிடைக்கும்? ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

வேலைக்கு வந்த இடத்திலும் அவன் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு நேரே வீட்டின் பின்பக்கம் போய்விட்டான். வீட்டுக்காரம்மா அவனைப் பார்க்கக்கூட இல்லை.

உள்ளே அவள் குழாயை அளந்து வெட்டினாள், பிசிறு எடுத்தாள், கருவியை மாட்டி முனையை விரித்தாள். அழகாக விரிந்தது. முடுக்கலாம் என்று நட்டைத் தேடினால், அது ஜன்னல் விளிம்பில் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறது! தலையில் கை வைத்துக்கொண்டாள். நட்டைக் கோத்துவிட்டு அல்லவா முனையை விரிக்க வேண்டும்? விரித்த பிறகு அது எங்கே நுழையும்? முனையை வெட்டிப் போட்டால் குழாய் குட்டையாகிவிடும். சொன்னால் ஆயுசுக்கும் 'உதவிக்கு வந்தவங்க'தான்.

வேறு வழியில்லை. ஓட்டையருகே வாயை வைத்தாள்.

"என்னங்க."

குரலைக் கொஞ்சம் உயர்த்தினாள்.

"உங்களைத்தான். நட்டு போடாம விரிச்சுட்டேன்."

குழாய் லேசாகக் குலுங்கியது. சிரிக்கிறான்!

"சிரிங்க, நல்லாச் சிரிங்க."

"ஐயோ, உன்னைப் பார்த்துச் சிரிக்கல. என் நட்டு சட்டைப் பையில கிடக்கு. நானும் விரிச்சுட்டேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு திருதிருன்னு முழிச்சுட்டு நிக்கிறேன்."

அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. ஏணிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சுவரின் இரண்டு பக்கமும் ஒரே சிரிப்பு.

"ரெண்டு முனையையும் வெட்டினா குழாய் எட்டாதே, இப்ப என்ன பண்ணலாம்?" என்றான்.

"வெளி யூனிட்டை நாலு விரல் மேல ஏத்துங்க."

"சரி," என்றான் மறுபேச்சில்லாமல்.

முனைகளை வெட்டி, இந்தத் தடவை நட்டைக் கோத்த பிறகே விரித்தார்கள்; இரண்டு நட்டும் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. கசிவு இருக்கிறதா என்று சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார்கள்; ஒரு குமிழிகூட இல்லை. கடைசியாகத் தண்ணீர் போகும் குழாய். சரிவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, உள்ளேயுள்ள தட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றுமுன் வெளியே இருப்பவருக்குக் குரல் கொடுப்பது வழக்கம். ஜன்னல் வழியே பார்த்தாள். குழாய் முனைக்கு நேர் கீழே குனிந்து அவன் மும்முரமாக எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான். அவள் குரல் கொடுக்கவில்லை.

"ஐயய்யோ!"

"சரிவு சரியா இருக்கா?"

"பிரமாதமா இருக்கு, தாயே!"

ஏசி ஓடத் தொடங்கியது. வீட்டுக்காரம்மா குளிர்ந்த காற்றுக்கு நேராக நின்று, "அப்பாடா!" என்று கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது வாசலில் சொட்டச் சொட்ட ஓர் ஆள்.

"யாரும்மா இது?"

அவள் வாயைத் திறக்குமுன் அவன் முந்திக்கொண்டான்.

"மெக்கானிக் அம்மாவுக்கு உதவிக்கு வந்திருக்கேங்க."

அவள் துடைத்துக்கொள்ளத் துணியை அவனிடம் நீட்டினாள். கூடவே சிரிப்பும் வந்தது.

"நாளைக்கு என் தங்கச்சி வீட்லயும் ஒண்ணு மாட்டணும். வருவியாம்மா?" என்றார் வீட்டுக்காரம்மா.

அவன் துடைத்துக்கொள்ளவும் மறந்து அவள் முகத்தையே பார்த்தான்.

"வரேம்மா," என்றாள். "இவரையும் கூட்டிட்டு வரேன். நட்டு எடுத்துக் குடுக்க ஆள் வேணுமே."