அக்காவின் அரைவட்டம்

எங்கள் ஊருக்குப் பொது நூலகம் வருவதற்கு வெகுகாலம் முன்பே, குமாஸ்தாக்களும் கடைக்காரர்களும் வீட்டுப் புத்தகங்களைக் கொண்டுவந்து கொட்டி ஆரம்பித்ததுதான் எங்கள் வாசகர் சங்கம். செருப்புக்கடை மாடியில் ஒரே அறை. சந்தா கட்டியவர்களுக்கு மட்டும்தான் புத்தகம். அங்கே நூலகர் நான். ஒட்டடை அடிப்பதும் நானேதான்.

படித்ததையே மறுபடி எடுத்துப்போய் ஏமாறக்கூடாது என்று உறுப்பினர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். புத்தகத்தை முடித்ததும் கடைசிப் பக்க ஓரத்தில் ஆளுக்கொரு பென்சில் குறி. மருந்துக்கடைக்காரர் பெருக்கல் குறி போடுவார். தையல்காரர் சின்னதாக ஒரு கோடு. புத்தகத்தைப் பாழாக்குகிறீர்களே என்று தொண்டை வற்றக் கத்துவேன். ஒருத்தரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. கூடப் பிறந்த அக்காவே கேட்டதில்லை. அவளுடையது அரைவட்டம், உள்ளே ஒரு புள்ளி.

அக்கா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு வந்திறங்கிய ஒரு துப்பறியும் நாவலின் கடைசிப் பக்கத்தில் அந்த அரைவட்டம் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். ஜன்னலோரம் அவள் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் சாயங்கால வெயில் விழுந்திருந்தது. யாரும் இல்லை, ஆனால் காலியாகவும் தோன்றவில்லை.

அடுத்த மாதமும் ஒரு புதுப் புத்தகத்தில் வந்தது. பயம் போய்விட்டது. சந்தோஷம் என்றே சொல்கிறேன், எனக்கென்ன வெட்கம்? அன்றிலிருந்து அவளுக்குப் பிடித்த துப்பறியும் நாவல்களாகவே வாங்கித் தள்ளினேன். அந்த நாற்காலியில் யாரையும் உட்காரவிடவில்லை. கொலை விழாத புத்தகம் ஒன்றாவது இருக்கிறதா என்று உறுப்பினரான பள்ளிக்கூட வாத்தியார் கேலி செய்தார். பிறகு அவரும் வருவதை நிறுத்திவிட்டார். பொது நூலகம் வந்ததும் ஒவ்வொருவராக அங்கே நடையைக் கட்டினார்கள். சங்கத்தை மூடிப் புத்தகங்களை அங்கே கொடுத்துவிடலாம் என்று கமிட்டி கூடியது.

பொது நூலகத்தில் பென்சில் குறிகளையெல்லாம் அழித்துவிட்டுத்தான் அடுக்குவார்களாம். அக்கா வந்தால் எங்கே உட்காருவாள்? எழுந்து சொல்லிவிட்டேன்.

"மூடாதீங்க. அக்கா இங்கதான் வரா."

மருந்துக்கடைக்காரர் மின்விசிறியைப் பார்த்தார். தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அக்காவின் புருஷன் கடைசி பெஞ்சில் இருந்தார். எதிர்ச்சாரியில் கடிகாரம் பழுது பார்ப்பவர். தினம் மாடிக்கு வந்து பேப்பர் பார்ப்பார், புத்தகம் தொட்டு நான் பார்த்ததில்லை. கொஞ்சம் வெளியே இருங்கள் என்று எல்லாரையும் அனுப்பிவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"அது நான் போட்டதும்மா," என்றார்.

அக்கா படுத்துக்கொண்டே படிப்பாளாம். முடித்ததும் நெஞ்சின் மேலேயே புத்தகத்தை வைத்துக்கொண்டு தூங்கிவிடுவாளாம். அதை எடுத்துக் குறி போட்டு வைப்பது எப்போதும் அத்தான்தானாம். வரட்டும் வரட்டும் என்று அவள் காத்திருந்த நாவல் அவள் போன பிறகு வந்ததும், நான் சாப்பிடப் போகிற நேரங்களில் இங்கேயே உட்கார்ந்து படித்திருக்கிறார். முடித்ததும் பழக்கத்தில் கை தானாகக் குறி போட்டுவிட்டதாம். அதைப் பார்த்த பிறகு நான் மறுபடி தலைவாரிக்கொண்டு வேலைக்கு வந்ததைக் கவனித்திருக்கிறார். அதனால் நிறுத்த மனம் வரவில்லையாம்.

எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது.

"ஒருத்தி ஒரு தடவைதான் சாகணும், அத்தான். எனக்கு அவள ரெண்டு தடவை சாக வெச்சுட்டீங்க."

அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"ஒவ்வொரு தடவையும், போடறதுக்கு முன்னாடி, அவ குறி ஏற்கனவே இருக்கான்னு பாத்துட்டுதான் போட்டேன்."

"இருந்துச்சா?"

அவர் தலையை ஆட்டினார், இல்லை என்று. சங்கத்தை மூடிவிடலாம் என்று சொல்ல, வெளியே போனவர்களை நானே போய் உள்ளே கூப்பிட்டேன்.