தங்கராஜு குடும்பத்தின் ரத்ததானம்

அறுவை சிகிச்சையின்போது முகம் தெரியாத ஆறு பேரின் ரத்தம் ஏறியதால்தான் தங்கராஜு மேலும் நான்கு ஆண்டுகள் உயிரோடிருந்தார். அதனால் அவருடைய முதலாண்டு நினைவுநாளில் குடும்பமே ரத்தம் கொடுப்பதென்று மனைவி லெட்சுமி முடிவெடுத்தார். கணவரின் படம் போட்ட நான்கு சட்டைகள் அச்சாகி வந்தன. செண்டாயான் ஊர்ப் பக்கம் அவர்கள் முன்பு குடியிருந்த ரப்பர்த் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் அன்று ரத்ததான முகாம்.

மருமகன் குணாளன் வேன் ஓட்ட மட்டுமே வந்தான். மாமனாரின் கத்தரிச் செடிகள்மேல் ஒருமுறை அவன் வேனை ஏற்றிவிட்டான். அதன்பின் கடைசிவரை இருவருக்கும் பேச்சில்லை. அவனுக்கான சட்டை உறை பிரிக்காமல் வேனிலேயே கிடந்தது.

முதலில் லெட்சுமி போனார். தாதி ரோகினி அடையாளக் கார்டைப் பார்த்தாள்.

“ஆன்ட்டி, உங்களுக்கு அறுபத்தாறு ஆச்சி. இந்த வயசுல முதல் தடவையா கொடுக்க முடியாது.”

“அப்ப கொஞ்சமா எடுங்கம்மா.”

ரோகினி தலையாட்டி மறுத்தாள். அடுத்து வந்த மகள் புனிதாவுக்கு ரத்தத்தில் இரும்புச்சத்து போதவில்லை. மகன் கணேசமூர்த்தி கம்பீரமாகக் கையை நீட்டினான். முழங்கைக்குக் கீழே தங்கராஜு மீசையோடு முறைத்துக்கொண்டிருந்தார்.

“இந்தப் பச்சை எப்பக் குத்துனது?”

“ரெண்டு வாரந்தான். இன்னிக்காகவே ஸ்பெஷலா குத்துனேன்.”

“ஆறு மாசம் கழிச்சி வாங்க.”

மூவரும் வெளியே வந்து குணாளனைப் பார்த்தார்கள். அவன் வேன் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டான்.

“எனக்கு ஊசின்னா பயம்லா.”

“தெரியும் மாப்பிள்ளை. கல்யாணத்துக்கு முன்னாடியே புனிதா சொல்லிட்டா,” என்றார் லெட்சுமி.

அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. லெட்சுமி ஒரு நாற்காலியில் அமர்ந்து, சட்டையிலிருந்த படத்தை நீவிவிட்டார். குணாளன் மண்டபத்தை இரண்டு முறை சுற்றி வந்தான். பிறகு வேனைத் திறந்து, சட்டையை மாட்டிக்கொண்டு உள்ளே போனான்.

எல்லாச் சோதனையிலும் அவன் தேறிவிட்டான். கண்களை மூடிப் படுத்தவனின் ஒரு கையில் ஊசி ஏறியது; மறு கையைக் கணேசமூர்த்தி பிடித்துக்கொண்டான். குணாளன் மெல்லக் கண் திறந்தபோது, மச்சானின் கையிலிருந்து மாமனார் அவனையே முறைத்தார்.

“மன்னிச்சிருங்க மாமா,” என்றான் தன்னையறியாமல்.

லெட்சுமி கையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பு, அழுகை இரண்டும் சேர்ந்து வந்தன.

ரத்தம் கொடுத்தவர்களுக்குக் குடிக்கச் சூடாக மைலோ கலக்க ஆளில்லை என்று ரோகினி அலுத்துக்கொண்டாள். லெட்சுமி உடனே கரண்டியை வாங்கிக்கொண்டார். புனிதா வந்தவர்களின் பெயர் எழுதினாள். பயந்தவர்களின் கையைப் பிடித்துக்கொள்வது கணேசமூர்த்தியின் வேலையானது. கையில் பிளாஸ்திரியோடு வாசலில் உட்கார்ந்த குணாளன், நான்கு பிஸ்கட் தின்றபின், வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்:

“ஒன்னும் வலிக்காது லா. சும்மா எறும்பு கடிக்கிற மாதிரிதான்.”