மர்ரெட்டா கை தூக்கினார்

குன்று சரிந்துவிட்டதாகச் செய்தி வந்தபோது அடாவுட்டோ கையிலிருந்த காப்பியை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினார். ரெசிஃபே நகரத்தில் நாள்கணக்காக விடாத மழை. அக்கா லிண்டால்வாவின் வீடு அந்தச் சரிவில்தான் இருந்தது. மழை ஓயும்வரை தன் வீட்டில் வந்து இரு என்று அவர் கெஞ்சிப் பார்த்திருந்தார். கோழிகளை யார் பார்ப்பது என்று அவள் தட்டிக்கழித்துவிட்டாள்.

போய்ச் சேர்ந்தபோது வீட்டைக் காணோம், செம்மண்தான் இருந்தது. தெருவே வரிசையில் நின்று மண்ணை வாளி வாளியாகக் கைமாற்றிக்கொண்டிருந்தது. அக்காள் கணவர் ஜெனிவால் வெறுங்கையால் தோண்டிக்கொண்டிருந்தார். அடாவுட்டோ ஒரு மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு மேலே ஏறினார். நாலடி வைப்பதற்குள் முழங்கால் மடங்கிக் குப்புற விழுந்தார். தூக்கிவிட்டவர்களில் ஒருவன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "மர்ரெட்டா!" என்றான்.

சம்மட்டி என்று அர்த்தம்; கால்பந்து ஆடிய காலத்தில் ஊர் அவருக்கு வைத்த பெயர். பரம வைரி அணியோடு நடந்த இறுதி ஆட்டத்தில் அவர் இடது காலால் அடித்த அடியில் வலையே கிழிந்தது என்று இன்றும் சத்தியம் செய்பவர்கள் உண்டு. வலை கிழியவில்லை. கிழிந்தது முழங்கால்தான். ஊசி போட்டு ஊசி போட்டு ஆடினார், போர்ச்சுகல் வரை போனார், நொண்டிக்கொண்டு திரும்பினார். ஊர் நொண்டியதை மறந்தது, கோலை மறக்கவில்லை. அந்த வருஷம் பிறந்த பையன்கள் பலருக்கு அவர் பெயர்தான்.

பெயர் பரவியதும் கூட்டம் நெருக்கியது. தீயணைப்புப் படையின் சார்ஜென்ட் ரோசில்டா அவரிடம் வந்தாள்.

"அண்ணே, உள்ள யாராவது குரல் குடுத்தா எங்களுக்குக் கேக்கணும். நாங்க சொல்லி இந்த ஜனம் அடங்கல. நீங்க சொல்லுங்க."

"நான் தோண்டறேன்மா. உள்ள இருக்கறது எங்க அக்கா."

"இந்தக் காலை வச்சிக்கிட்டா? நீங்க விழுந்தா தூக்கறதுக்கு ரெண்டு பேரை நான் விடணும்."

அவர் மண்வெட்டியை அவளிடம் நீட்டினார். தீயணைப்பு லாரியின் மேல் அவரை ஏற்றி நிறுத்தினார்கள். கூட்டம் பழக்கதோஷத்தில் அவர் பெயரைச் சொல்லிக் கத்த ஆரம்பித்தது. அவருக்கு உடம்பு கூசியது. கையைத் தூக்கினார். அத்தனை வாயும் மூடிக்கொண்டது. மழைச் சத்தம் மட்டும். ஜெனிவால் மண்ணில் காதை வைத்து, "லிண்டா..." என்று கூப்பிட்டார்.

ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி தோண்டினார்கள். மறுபடி கை தூக்கினார். ஒரு தடவை தகரத்துக்கு அடியில் ஏதோ முனகியது. எல்லோரும் பாய்ந்து தோண்டினார்கள். உயிரோடு வந்தது ஒரு கோழி. அவர் கையை இறக்கிவிட்டு, யாரையும் பார்க்காமல் நின்றார்.

பிற்பகலில் லிண்டால்வாவை எடுத்தார்கள். அவள் எப்போதோ போய்விட்டிருந்தாள் என்று ரோசில்டா தணிந்த குரலில் சொன்னாள். அவ்வளவு பேர் நின்ற இடத்தில் யாரும் சொல்லாமலே அமைதி. அக்காவிடம் ஏறிப் போக அவரால் முடியவில்லை. அவர்கள் இறக்கிக் கொண்டுவரும்வரை கீழேயே காத்து நின்றார். அவளை ஒரு வண்டியில் ஏற்றினார்கள்.

அவர் ஆடிய கிளப்பின் பழைய சட்டை போட்டிருந்த ஒரு பெரியவர் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். என்ன சொல்வதென்று தெரியாமல் அந்தக் கோலைப் பற்றிப் பேசத் தொடங்கினார்: எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார், இப்போது உயிரோடு இல்லாத தம்பி பக்கத்தில் எப்படிக் குதித்தான் என்று. அடாவுட்டோ குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க," என்றார் கடைசியில். "அந்த வண்டி வரைக்கும் என்னைக் கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா?"