விண்ணப்பிக்காத உதவித்தொகை

உதவித்தொகை கிடைத்திருக்கிறது என்று ஒருவர் போன் செய்தால் மனிதர்கள் சந்தோஷப்படுவார்கள். லியாவ் ஷுன்-யீ அந்த ரகம் இல்லை. "நீங்க தேர்வாகியிருக்கீங்க" என்று போனில் ஒரு கிழவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் கண்கள் இடுங்கிவிட்டன.

"எந்தச் சங்கம்னு சொன்னீங்க?"

"சாங்-லியாவ் குலச் சங்கம். சீலோவிலேர்ந்து பேசறேன். இலையுதிர்காலப் பூசை அன்னிக்குக் குலமனையில வெச்சுக் குடுக்கறோம். பேங்க் பாஸ்புக் நகலும் பேர் முத்திரையும் மறக்காம எடுத்துட்டு வந்துரும்மா."

பாஸ்புக், கையெழுத்துக்குப் பதிலாகச் செல்லும் பெயர் முத்திரை. தைவானில் இந்த இரண்டு சொற்களையும் ஒரே மூச்சில் கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகூட ஓட்டம் பிடிக்கும். பகுதி நேர வேலை என்று நம்பிப் பாஸ்புக்கைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, தன் கணக்கில் ஊரான் பணம் புழங்கியதற்காகக் கோர்ட்டுப் படி ஏறிய சீனியர் ஒருவன் அவள் துறையிலேயே இருந்தான்.

"பெரியவரே, நான் லியாவ். சாங்கும் இல்ல, சாங்-லியாவும் இல்ல. விண்ணப்பமும் போடல. இன்னும் கொஞ்சம் பயிற்சி எடுத்துட்டு வேற யாருக்காவது போன் போடுங்க."

துண்டித்துவிட்டு போனை மெத்தையில் எறிந்தாள். கீழ்க்கட்டிலில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்த ஜியா-ரூ நிமிர்ந்தாள். ஒரே துறை, ஒரே அறை, மூன்று வருடப் பழக்கம்.

"யாருடி? மறுபடியும் உங்க அப்பாவா?"

இருவரும் சிரித்தார்கள். அந்தக் கதை விடுதி முழுக்கப் பிரசித்தம்.

போன குளிர்காலத்தில் தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு. கரகரத்த குரல், பாதி காற்று, பாதி சத்தம். "ஷுன்-யீ... அப்பா பேசறேன்." மகன் பேசுகிறேன், அத்தை பேசுகிறேன், பழைய சிநேகிதன் பேசுகிறேன், என் குரல் தெரியவில்லையா என்று ஆரம்பித்துப் பணம் கறக்கும் கும்பல்கள் நாடு பூராவும் கடை விரித்திருக்கின்றன. ஷுன்-யீ ஏமாறுவாளா? "எந்த அப்பா? போன வாரம் ஒருத்தர் கூப்பிட்டாரே, அவரா? எங்கே இருக்கீங்கப்பா, ஜெயில்லயா ஆஸ்பத்திரிலயா? எவ்வளவு வேணும்?" என்று தேனொழுகக் கேட்டாள். மறுமுனையில் மூச்சு மட்டும் இரைந்தது. "பணம் கிடக்கட்டும், முதல்ல அந்தத் தொண்டையை டாக்டர்கிட்ட காட்டுங்க. குரல் நாண் சரியா மூடல" என்று சொல்லி வைத்துவிட்டாள். அவர்கள் படிப்பது பேச்சுச் சிகிச்சை. திருடனுக்கே இலவச நோய்க்கணிப்பு கொடுத்தவள் என்று கேண்டீனில் ஒரு வாரம் அவளுக்கு ஏக மரியாதை.

உண்மையான அப்பாவைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது சொற்பம். அவளுக்கு நான்கு வயதாகும்போது வீட்டை விட்டுப் போனார். வெற்றிலைப் பாக்கு மெல்லுவார். லியாவ் என்ற குலப்பெயரை விட்டுவிட்டுப் போனார். தாவ்யுவானில் முடிதிருத்தகம் வைத்திருக்கும் அம்மா அவரைப் பற்றிப் பேசினால் கையில் கத்தரிக்கோல் இருப்பதை வாடிக்கையாளர்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கும். "அந்த வம்சத்து ஆளுங்க உசுரோட இருக்கும்போதும் நம்ப முடியாது, செத்தாலும் நம்ப முடியாது. சாகறதுகூட சொந்தப் பேர்ல சாகமாட்டானுங்க!" என்பாள். அம்மாவின் வசவுகளில் அது ஒன்று. அதற்குப் பொருள் தேட யாருக்கும் தோன்றியதில்லை.

உதவித்தொகை தேடுவதில் ஷுன்-யீயை மிஞ்ச ஆளில்லை. கடல் தாயம்மன் கோயில் கொடுப்பது, மீனவர் பிள்ளைகளுக்கானது, காலமான பல் மருத்துவர் நினைவாக அவர் மனைவி கொடுப்பது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் இந்த வருடம் ஒன்றும் படியவில்லை. பெரும்பாலானவற்றுக்கு வார்டுத் தலைவரிடம் ஏழ்மைச் சான்று வாங்க வேண்டும். அவளுடைய வார்டுத் தலைவி அம்மாவின் கடைக்கு எதிர்வீட்டுக்காரி. "உங்கம்மா போன மாசம்தான் கடை ஷட்டருக்குப் பெயின்ட் அடிச்சா. பெயின்ட் அடிக்கற ஏழையை நான் பாத்ததில்ல" என்று தேநீரை உறிஞ்சியபடி கைவிரித்துவிட்டாள்.

வரும் பருவத்தில் ஆஸ்பத்திரிப் பயிற்சி. நாள் முழுக்க வேலை, சம்பளம் கிடையாது. இதுவரை இரவில் பெட்டிக்கடையில் நின்று சமாளித்தாள். பயிற்சியில் இருப்பவர்கள் வேறு வேலை பார்க்கக் கூடாதென்று ஆஸ்பத்திரி கறாராகச் சொல்லிவிட்டது. உதவித்தொகை வரவில்லையென்றால் படிப்பை நிறுத்தி வைக்க வேண்டும். ஒரு வருடம் நிறுத்தியவர்கள் திரும்பி வந்ததை அவள் அதிகம் பார்த்ததில்லை. பயமாகத்தான் இருந்தது. பயத்தில் இருப்பவளைத்தான் கும்பல் தேடி வரும் என்பதும் அவளுக்குத் தெரியும், அதனால் இன்னும் இறுகிப்போனாள்.

மறுநாள் அதே கிழவர். இந்த முறை கோபமாக.

"ஏம்மா, பெரியவங்க பேசிட்டிருக்கும்போதே வெச்சுடறதா? நீ லியாவ் வென்-ஷியுங் மகதானே? ஆத்தங்கரை வீட்டுக்காரங்கதானே நீங்க?"

அப்பாவின் பெயர் சரியாக இருந்தது.

"இதையெல்லாம் எங்கே வாங்கினீங்க?"

"எதை வாங்கினேன்?"

"எங்க குடும்ப விவரத்தை. யார் வித்தாங்க?"

"விக்கறதா! உங்கப்பாவே நேர்ல வந்து உன் பேருக்கு எழுதிக் குடுத்தது."

ஷுன்-யீக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறந்தநாளுக்குக்கூட எட்டிப் பார்க்காத மனிதர், மகள் படிப்புக்கு விண்ணப்பம் எழுதினாராம். பொய் சொல்பவர்கள் கொஞ்சம் விசாரித்துவிட்டுச் சொல்லக் கூடாதா?

"அப்படியா? அப்போ அவரையே எனக்குப் போன் பண்ணச் சொல்லுங்க."

கிழவர் தடுமாறுவது நன்றாகக் கேட்டது. பிறகு குரல் இறங்கியது. "நேர்ல வாம்மா. வந்து பேசிக்கலாம்."

"மாட்டிக்கிட்டான்" என்றாள் ஷுன்-யீ, போனை வைத்ததும்.

ஆனால் ஜியா-ரூ இணையத்தில் துழாவிவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "அந்தக் குலமனை நிஜமாவே இருக்குடி. உதவித்தொகையும் வருஷா வருஷம் குடுக்கறாங்க."

"நிஜமான இடத்தோட பேரைச் சொல்லித்தானே ஏமாத்துவான்? இல்லாத இடத்தைச் சொன்னா எவ நம்புவா?"

"சரி, போய்ப் பாத்துடலாம். பட்டப்பகல், ரெண்டு பேர். உன் கணக்குல திருட என்னடி இருக்கு? திருடன் பாவப்பட்டு ஏதாவது போட்டுட்டுப் போவான்."

அம்மாவுக்குச் சொன்னபோது ஹேர் டிரையர் சத்தம் சட்டென்று நின்றது. "அந்த ஊர்லேர்ந்தா? இங்கயும் ரெண்டு தடவை எவனோ கூப்பிட்டான், குலச் சங்கம் அது இதுன்னு. தப்பு நம்பர்னு வெச்சேன். போகாத. அவங்க சும்மா எதுவும் குடுக்கமாட்டாங்க. உன்னை வெச்சு என்னமோ கணக்குப் போடறாங்க."

அம்மா போகாதே என்றதால்தான் போகத் தோன்றியதோ என்னவோ. ஞாயிற்றுக்கிழமை தாய்ச்சுங்கிலிருந்து பேருந்து ஏறினார்கள். ஷுன்-யீ முத்திரையைக் காலுறைக்குள் செருகியிருந்தாள். ஜியா-ரூ வழி நெடுக அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

குலமனை முற்றத்தில் பந்தல், வட்ட மேசைகள், முழுப் பன்றி, ஊதுபத்திப் புகை. நூறு பேராவது இருப்பார்கள். கூட்டம் பெரிதாக இருந்ததே ஷுன்-யீக்குச் சரியாகப் படவில்லை. ஒரு பெண்மணி சோயா சாறு ஊற்றிய அரிசிக் களிக் கிண்ணத்தைக் கையில் திணித்து, "எந்த வீட்டுப் பொண்ணு நீ? மூக்கைப் பாத்தா ஆத்தங்கரை மாதிரி இருக்கே" என்றாள். ஷுன்-யீ களியைத் தொடவில்லை. ஜியா-ரூ இரண்டு கிண்ணத்தையும் காலி செய்தாள்.

போன் செய்த கிழவர் சட்டைப்பையில் இரண்டு பேனாவுடன் வந்தார். குட்டை ஆள், உரத்த தொண்டை. "வந்துட்டியா! நான்தான் செயலாளர், லியாவ் மிங்-ட்சுன்."

"லியாவா? சாங்-லியாவ் சங்கம்னு சொன்னீங்க?"

"ஆமா."

"இங்கே சாங் யாரு?"

"இங்கே இருக்கற எல்லாரும் லியாவ்தான். உள்ளே இருக்கறவங்கதான் சாங்."

ஷுன்-யீ ஜியா-ரூவைப் பார்த்தாள். பார்த்தாயா, எப்படிக் குளறுகிறான் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். "அப்போ உள்ளே இருக்கறவங்களைக் கூப்பிடுங்க. அவங்ககிட்டயே பேசிக்கறேன்."

கிழவர் அவளை ஒரு மாதிரி உற்றுப் பார்த்தார். கோபம் அடங்கி முகம் மாறியது. "பொண்ணே, உனக்கு யாரும் ஒண்ணுமே சொல்லலியா?" என்று கேட்டுவிட்டு முன்னால் நடந்தார்.

உள்ளே மங்கலான வெளிச்சம். படிப்படியாக அடுக்கிய, இறந்த முன்னோர் பெயர் பொறித்த பலகைகள், எல்லாவற்றிலும் சாங், சாங், சாங். கிழவர் பெரிய பீடத்தைத் தாண்டி ஓரத்திலிருந்த சிறு மேசைக்குப் போனார். அங்கே புதுப் பலகை ஒன்று தனியாக நின்றது. பொன் எழுத்து இன்னும் மங்கவில்லை.

சாங் வென்-ஷியுங்.

"இது யாரு?" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "எங்கப்பா பேர் லியாவ் வென்-ஷியுங். இது வேற யாரோ."

"நம்ம முன்னோர் ஒருத்தர், சாங் வீட்டுப் பையன், லியாவ் வீட்டுக்கு வீட்டோட மாப்பிள்ளையாப் போனாரு. அவங்க பட்ட உபகாரத்துக்காக வாழற வரைக்கும் லியாவ்னு இருக்கணும், செத்தா பெத்தவங்க பேருக்குத் திரும்பணும்னு சொல்லிட்டுப் போனாரு. அன்னிலேர்ந்து நம்மள்ல உசுரோட இருக்கறவன் லியாவ், செத்தவன் சாங். உங்கப்பா அஞ்சாம் மாசம் போய்ட்டாரும்மா. தனிக்கட்டை, வீட்டுல பீடமில்ல. வருஷம் திரும்பற வரைக்கும் பலகை இங்கே இருக்கட்டும்னு வெச்சிருக்கோம். போன்ல உங்கிட்ட நேரா சொல்ல மனசு வரல, உங்கம்மா மூலமா சொல்லலாம்னு கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தோம். உங்கம்மா எடுத்ததும் வெச்சுட்டாங்க. அப்புறம் உனக்குத் தெரிஞ்சிருக்கும்னே நெனச்சுட்டேன்."

சாகறதுகூட சொந்தப் பேர்ல சாகமாட்டானுங்க. அம்மா திட்டியது வெறும் வசவு இல்லை, இந்த வீட்டு வழக்கம். ஷுன்-யீ சந்தேகப்பட இன்னும் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று சுற்றுமுற்றும் தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை.

"எப்படிப் போனாரு?"

"தொண்டையில கட்டி. பாக்கு மென்னா சும்மா விடுமா? குளிர்காலத்துல இங்கே வந்தாரு. எம்பொண்ணு தாய்ச்சுங்கில படிக்கறா, அவ பேரை எழுதிக்கோங்க, நான் குடுத்தா வாங்கமாட்டா, குலத்துப் பேர்ல குடுத்தா வாங்குவான்னாரு. உன் நம்பரை எங்கேயோ விசாரிச்சு வாங்கி வெச்சிருந்தாரு. இதோ, இந்த ஆபீஸ் போன்லேர்ந்துதான் உன்னைக் கூப்பிட்டாரு. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."

ஷுன்-யீக்குப் பின்னால் ஜியா-ரூ மூச்சை இழுத்துப் பிடித்தது கேட்டது.

"நீ என்னமோ சொல்லிட்டு வெச்சுட்ட போல" என்றார் கிழவர். "போனை வெச்சுட்டுச் சிரிச்சாரு. சிரிச்சா இருமல் வரும், அதோட சிரிச்சாரு. எம்பொண்ணு கெட்டிக்காரி, எவனும் ஏமாத்த முடியாதுன்னாரு. தொண்டையை டாக்டர்கிட்ட காட்டச் சொல்றான்னு ஆஸ்பத்திரியில நர்ஸுங்ககிட்டயெல்லாம் பெருமையாச் சொல்லிட்டுத் திரிஞ்சாரு. திரும்பக் கூப்பிடுங்கன்னு நாங்க சொன்னோம். குரல் கொஞ்சம் சரியாகட்டும்னாரு."

குரல் சரியாகவில்லை. எப்படிச் சரியாகும்? பாதி காற்று, பாதி சத்தமாக வந்த அந்தக் குரல் இப்போது அவள் காதில் துல்லியமாகக் கேட்டது. கேட்டவுடன் நோயைச் சொன்ன காதுக்கு ஆளைத் தெரியாமல் போய்விட்டது. கேண்டீனில் அந்தக் குரலை எத்தனை பேருக்கு நடித்துக் காட்டியிருக்கிறாள்! முதலில் வந்தது வெட்கம். அழுகை அதற்குப் பின்னால்தான் வந்தது.

வெளியே ஒலிபெருக்கியில் உதவித்தொகை பெறுகிறவர்களை வரிசையில் நிற்கச் சொன்னார்கள். ஷுன்-யீ குனிந்து காலுறையிலிருந்து முத்திரையை எடுத்துக் கிழவர் கையில் வைத்தாள். அவர் அதை ஏன் அங்கிருந்து எடுக்கிறாள் என்று கேட்கவில்லை.

"முதல்ல இவருக்குப் பத்தி காட்டு" என்று மூன்று ஊதுபத்திகளைக் கொளுத்திக் கொடுத்தார். "சும்மா கும்பிட்டா யாருன்னு தெரியாது. வந்திருக்கறது யாருன்னு பேரைச் சொல்லிக் கும்பிடணும்."

அவள் பத்தியை நெற்றிக்கு உயர்த்தினாள். தொண்டை கரகரத்து, குரல் பாதி காற்றாகத்தான் வந்தது.

"அப்பா... ஷுன்-யீ பேசறேன்."