யாரும் விழாத பாலம்

1

இந்தக் கதை ஒரு மேடைப் பேச்சிலிருந்து வந்தது. எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் பேசினார்: "பழுதான பாலம் நாப்பது இருக்கு. பணம் நாலுக்குத்தான் இருக்கு. எங்க உயிர் போகுதோ அங்கதான் முதல்ல கொடுக்க முடியும்."

கேட்டபோது எனக்கும் நியாயமாகவே பட்டது. அவர் கெட்டவர் இல்லை. முதல் வரைவில் அவருக்குத் தொப்பை வைத்து, இரண்டு மோதிரமும் மாட்டியிருந்தேன். எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். இப்போது அவர் களைத்துப்போன, ஒல்லியான மனிதர்.

2

தொடக்கம் சரியாக அமையவில்லை.

அன்று வானம் இருண்டு (பொய். வெயில் மண்டையைப் பிளந்தது.)

ஆற்றின் மேல் அந்தப் பாலம் ஒரு (ஒரு என்ன? பாலம் பாலம் மாதிரியேதான் இருந்தது.)

சரி, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பாலத்தின் நடுத்தூணில் கை நுழையும் அளவுக்கு விரிசல். எங்கள் பேருந்தின் நடத்துநர் அக்கா ஒன்பது வருடத்துக்கு முன் அதைப் பார்த்தார். அன்றிலிருந்து பேருந்து இந்தக் கரையில் நிற்கும். எல்லோரும் இறங்கி நடப்போம். காலி வண்டி பின்னால் மெல்ல ஊர்ந்து வரும். அந்தக் கரையில் மறுபடி ஏறுவோம். யாரும் உத்தரவு போடவில்லை. பதினோரு நிமிடம் தாமதமாகும், அவ்வளவுதான்.

"நீ இறங்கலையாண்ணே?" என்று யாராவது கேட்டால் ஓட்டுநர், "நான் இறங்கினா வண்டிய யாரு ஓட்டுவா, உன் மாமனாரா?" என்பார்.

ஒன்பது வருடத்தில் ஒருவர்கூட விழவில்லை. அதனால் உறுப்பினரின் பட்டியலில் எங்கள் பாலம் நாற்பதாவது.

3

போன திங்கட்கிழமை பணிமனையிலிருந்து உத்தரவு வந்தது: இனிமேல் யாரையும் பாலத்தில் இறக்கக் கூடாது, மீறினால் நடத்துநர் வேலையிலிருந்து நிறுத்தப்படுவார். பாலம் பத்திரமானது என்று காட்ட அன்று காலையே உறுப்பினர் வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார்.

அக்கா உத்தரவை நான்காக மடித்து டிக்கெட் பைக்குள் வைத்திருந்தார். வீட்டில் அவர் சம்பளம் ஒன்றுதான். இன்று பேசாமல் போய்விடலாம் என்றுதான் காலையில் கிளம்பினார். ஆனால் கரை வந்ததும் வண்டி பழக்கப்படி நின்றது, முப்பத்தெட்டுப் பேரும் பழக்கப்படி இறங்கிவிட்டார்கள். உறுப்பினர் மட்டும் அசையவில்லை.

அக்கா முன்சீட்டருகே போனார். "நீங்களும் இறங்கணும் சார்."

"பழுதானாலும் பாலம் தாங்கும்னு அறிக்கை இருக்கும்மா. அத நம்பித்தான் மேடையில பேசினேன். நானே இறங்கி நடந்தா நாளைக்கு என் பேச்சை யாரு நம்புவா?"

"அறிக்கை எழுதினவரு பஸ்ல வந்தாரா சார்?"

"கார்ல வந்தாரு," என்றார் ஓட்டுநர். "அந்தக் காரைவிட என் சாப்பாட்டு டப்பா கனம்."

"சும்மா இருண்ணே."

வெளியிலிருந்து ஒரு பெரியம்மா ஜன்னலைத் தட்டினார். "தலைவரே, சீக்கிரம் வாங்க. பாலம் விழறதுக்குள்ள நாங்க மயங்கி விழுந்துடுவோம் போலிருக்கு."

உறுப்பினர் சிரித்துவிட்டார். பிறகு கேட்டார், "இத்தனை வருஷத்துல யாருக்காவது ஏதாவது ஆச்சாம்மா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன?"

அக்கா குரலை உயர்த்தவில்லை. "இறக்கிவிட்டதால யாரும் சாகல. யாரும் சாகாததால நீங்க பணம் தரல. நான் என்ன பண்ணட்டும் சார்? ஒரு நாள் இறக்காம விட்டுப் பாக்கவா? யார் இருக்கிற அன்னிக்குன்னு நீங்களே சொல்லிடுங்க."

4

முடிவு ஒன்று: வண்டி அவரோடு நகர்கிறது. நடுத்தூணில் முதலில் மணல் உதிர்கிறது, பிறகு

(கிழித்துவிட்டேன். நன்றாக வந்திருந்தது, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. எழுதும்போது கை ஓடிய வேகம் இருக்கிறதே, அப்பப்பா. என் கதையும் ஒரு உயிர் போனால்தான் நகர்வேன் என்று அடம்பிடித்திருக்கிறது. அவருடைய பட்டியலுக்கும் என் நோட்டுக்கும் என்ன வித்தியாசம்?)

முடிவு இரண்டு: உறுப்பினர் கண்ணீர் மல்க இறங்கி, அங்கேயே ஒரு தாளில் கையெழுத்து

(இதை நானே நம்பவில்லை.)

5

முப்பத்தெட்டுப் பேரில் நானும் ஒருத்தி. பின்வரிசை, ஜன்னலோரம். அட்டைப்பெட்டி ஒட்டும் வேலைக்குப் போய்வருகிறேன். அக்காவோடு ஒரு வார்த்தை பேசியதில்லை, எனக்குப் பேச வராது.

அந்தக் கரையில் நாங்கள் ஏறும்போது அக்கா விரலை நீட்டி ஒவ்வொரு தலையாக எண்ணுவார். பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் என் பெயரை அடித்து மூன்று வருடமாகிறது. அதன் பிறகு என்னை எண்ணுகிறவர் இவர் ஒருவர்தான், அதுவும் தினமும் இரண்டு முறை. யாராவது குறைந்தால் வண்டி கிளம்பாது.

நடந்த உதவிக்கு நன்றி சொல்லிவிடலாம். நடக்காமல் போன விபத்துக்கு எப்படிச் சொல்வது? நேற்று மாலை பத்திரமாக வீடு வந்து, கால் கழுவி, அம்மாவிடம் திட்டு வாங்கினேன். அந்தத் திட்டுகூட அக்கா கொடுத்ததுதான். வாயால் சொல்ல முடியாததால் எழுதுகிறேன்.

6

உறுப்பினர் எழுந்து படிக்கட்டு வரை வந்தார். ஒரு கை கம்பியில். வெளியே முப்பத்தெட்டு முகங்கள்.

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. பேனாவை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அவரை இறக்கி நடக்க வையுங்கள், அல்லது திரும்ப உட்கார வையுங்கள். நாற்பதை ஒன்றாக மாற்றுங்கள், மாற்றாமலும் விடுங்கள். அக்காவின் வேலையை மட்டும் கொஞ்சம் பார்த்து எழுதுங்கள்.

அவர் உள்ளே இருக்கும்போதே வண்டியை நகர்த்த வேண்டும் என்று உங்களுக்கும் கை துறுதுறுக்கலாம். எனக்கும் துறுதுறுத்தது. ஆனால் அது உங்கள் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. விசில் அக்காவின் வாயில் இருக்கிறது. அக்கா ஊதவில்லை.